கம்ப்யூட்டருக்கும் ஒரு தாய்மாமன்

காசு கொடுத்து வாங்கியவர் அமோவா. டாக்ஸியில் மடிமேல் வைத்து, கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்தவரும் அமோவா. ஆனாலும் அந்தக் கம்ப்யூட்டரிடம் அவருக்கு நயா பைசா மரியாதை கிடையாது. புதிதாக எதையாவது ஏற்றப் போனால், ‘நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கொடு’ என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடும். நிர்வாகி யார் என்றால், அவருடைய மச்சான்.

சென்ற வாரம் நம்மோடு இருந்தவர்களுக்கு இந்தக் கூத்து தெரியும். இல்லாதவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன். புதுக் கம்ப்யூட்டரை அமைத்துக் கொடுக்கக் கடையிலிருந்து ஒரு பெண் வந்தாள். “எல்லாருக்கும் அட்மின் குடுத்தா, யாராவது தெரியாம எதையாவது அமுக்கி மொத்த மெஷினும் படுத்துடும். ஒருத்தர் அட்மினா இருக்கட்டும், மத்தவங்க சாதாரணக் கணக்குல இருக்கட்டும். அதுதான் பாதுகாப்பு. யாரைப் போட?” என்று கேட்டாள். அமோவா தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறப்பதற்குள், நாற்காலியிலிருந்து ஒரு குரல் வந்தது. “இதுல கேக்கறதுக்கு என்னம்மா இருக்கு?”

குரலுக்குச் சொந்தக்காரர் வோஃபா சார்ப்போங். அமோவாவின் மனைவி டூஃபியின் அண்ணன். அவர்கள் பெண் போக்குவாவுக்கு ‘வோஃபா’, அதாவது தாய்மாமன். கானா நாட்டின் குமாசியில் பிள்ளைகள் அம்மா வம்சம். அப்பன் பெற்று வளர்த்துப் படிக்க வைக்கலாம், ஆனால் அவன் வேறு வம்சத்து ஆள். பிள்ளைகள் கெட்டுப்போகாமல் பார்க்கிற அதிகாரம் தாய்மாமனுக்கு. கம்ப்யூட்டரில் பிள்ளைகள் கெட்டுப்போக வழி இருக்கிறது என்று பேப்பரில் படித்திருந்தார் வோஃபா. ஆகவே அவர் நிர்வாகி. மற்றவர்கள் அவருக்குக் கீழே.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் ஓர் இழவு வீட்டுப் பந்தலில் அமோவாவுக்கு நாக்கில் சனி உட்கார்ந்தது. “எங்க வீட்டு நிர்வாகி இருக்காரே, மவுஸைக் கையில தூக்கி டிவி ரிமோட் மாதிரி நீட்டி நீட்டி அமுக்கறார்! வேலை செய்யலைன்னதும் பேட்டரியை மாத்துங்கறார்!” என்றார். கறுப்புத் துணி போர்த்தி அழுதுகொண்டிருந்தவர்கள்கூட அடக்கமாட்டாமல் சிரித்தார்கள். இரண்டு வரிசை பின்னால் வோஃபா உட்கார்ந்திருந்தார். எழுந்தார், தோளில் துணியைச் சரிசெய்தார், போய்விட்டார். அன்றிலிருந்து இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

இனி இன்றைய கதை.

“அப்பா!” என்று போக்குவா போட்ட சத்தத்தில் அமோவாவின் வாயிலிருந்த கஞ்சி சட்டையில் இறங்கியது.

படிப்பு முடித்து இரண்டு வருஷம் வீட்டில் உட்கார்ந்திருந்த பெண். எத்தனையோ இடத்துக்கு எழுதிப் போட்டாள். பதில் போட்ட ஒரே இடம் தலைநகர் அக்ராவில் ஒரு கப்பல் சரக்குக் கம்பெனி. இன்று பதினோரு மணிக்குக் கம்ப்யூட்டர் வழியாகவே பேட்டி. அதற்கு ஒரு செயலியை ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் காலையில்தான் தகவல் அனுப்பியிருந்தார்கள். அவள் அமுக்கினாள். திரை இருண்டது. நடுவில் ஒரு கட்டம் வந்தது. அதில் மாமன் பெயர், கீழே ஒரு வெற்றிடம்.

“பாஸ்வேர்டு கேக்குதுப்பா. வோஃபாவோடது.”

“போன்ல பேசிக்க முடியாதா அந்தப் பேட்டியை?”

“டைப் அடிச்சுக் காட்டணுமாம். கம்ப்யூட்டர்தான் வேணுமாம்.”

“தெருமுனை நெட் கடை?”

“பூட்டியிருக்கு. கடைக்காரர் மாம்போங்குக்கு இழவுக்குப் போயிருக்கார்.”

அமோவா சட்டையைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். மச்சான் பெயரை அடித்தார். தவறு. மச்சான் பிறந்த ஊரை அடித்தார். தவறு. ‘முசுடு’ என்று அடித்துப் பார்த்தார். அதுவும் தவறு.

சமையலறையில் டூஃபி மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் இரவு கம்ப்யூட்டரில் கேட்ட சர்ச் பாட்டை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே கரண்டியைத் திருப்பினாள். வீடு பற்றி எரிகிறபோது இவளுக்குப் பாட்டு வருகிறதே என்று அமோவாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“உங்க அண்ணனுக்குப் போன் போட்டு அந்த ஒரு வார்த்தையைக் கேளேன்!”

“போட்டுப் பார்த்தாச்சு. அரியணை அறைச் சாவியைப் போன்ல அனுப்புவாங்களானு கேட்டார்.”

“பின்ன என்ன பண்ண?”

“நேர்ல போங்க. முறையாப் போங்க. மன்னிப்புக் கேளுங்க. பத்தரைக்குள்ள கூட்டிட்டு வந்துடுங்க, போதும்.” மீனைத் திருப்பிப் போட்டாள். “இல்ல, உங்களுக்குக் கௌரவம்தான் பெருசுன்னா, புள்ளைகிட்ட நீங்களே சொல்லிடுங்க.”

போக்குவா கதவோரம் நின்றிருந்தாள். பேட்டிக்காகத் தேய்த்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையை மார்போடு பிடித்திருந்தாள். அவள் அழுதிருந்தால் கூட அமோவா சமாளித்திருப்பார். அவள் அப்படி நின்றதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

“செருப்பை எடு,” என்றார்.

பெரியவர் வாசலுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது, நேராகவும் பேசக்கூடாது. ஆகவே வழியில் ஷ்னாப்ஸ் என்ற மது, பச்சைப் பாட்டிலில் ஒன்று வாங்கினார். தனக்காகப் பேசும் பேச்சாளாகப் பக்கத்து வீட்டு பாஃபோவைக் கூட்டிக்கொண்டார். பாஃபோ முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சண்டை போட்டுக்கொண்ட பயணிகளை அடுத்த நிறுத்தத்துக்குள் கட்டிப்பிடிக்க வைத்த வாய்.

பான்டாமா பேட்டையில் வோஃபா வீட்டு முற்றத்தில் உட்கார வைத்தார்கள். தண்ணீர் வந்தது. குடித்தார்கள். வோஃபா எதிரிலேயே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்திருந்தார். ஆனால் அமோவாவைப் பார்க்காமல் பாஃபோவைப் பார்த்தே பேசினார்.

“பாஃபோ, இங்க எல்லாம் சமாதானம். வந்த காரியம் என்னனு கேளு.”

அமோவா பாஃபோவின் காதில் கடித்தார். “நேரமாச்சு, நான் சும்மா ஒரு தமாஷ் பண்ணேன், அதுக்குப் போய் இவ்ளோ வீராப்பானு கேளுங்க.”

பாஃபோ எழுந்து நின்று தொண்டையைச் சரிசெய்தார். “பெரியவரே! பல்லும் நாக்கும் ஒரே வாய்ல குடியிருக்கு. ஆனாலும் எப்பவாவது பல்லு நாக்கைக் கடிச்சுடுது. கடிச்ச பல்லு இப்ப ஆடிப்போயி, தூக்கம் இல்லாம, உங்க கால்ல விழ வந்திருக்கு.”

“நான் எப்ப அப்படிச் சொன்னேன்?” என்றார் அமோவா.

“சும்மா இருங்க, மிச்சம் இருக்கு,” என்றார் பாஃபோ.

மிச்சம் நிறையவே இருந்தது. முற்றத்துச் சுவரிலிருந்த கடிகாரத்தை அமோவா பார்த்தார். அது இவருடைய பதற்றத்தைக் கொஞ்சமும் கண்டுகொள்ளாமல் ஓடியது. பாஃபோவோ இப்போதுதான் அமோவாவின் கொள்ளுத் தாத்தா காலத்துக்கு வந்திருந்தார்.

“மச்சான்!” அமோவா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். பேச்சாள் இருக்கும்போது இப்படி நேரடியாகப் பேசுவது பெரிய தப்பு. பாஃபோ வாயைப் பிளந்தார். “பந்தல்ல நான் பேசினது தப்பு. நாலு பேர் சிரிக்கணும்னு உங்களை வித்துட்டேன். என்மேல கோவப்படுங்க, அடிக்கக் கூட அடிங்க. புள்ள வெள்ளைச் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. என்னால பாக்க முடியல மச்சான்.”

வோஃபா முதல்முறையாக அவரைத் திரும்பிப் பார்த்தார்.

“பாஃபோ, மாப்பிள்ளை சொன்னது எனக்குக் காதுல விழலை. நீ சொல்லு.”

“பல்லு ரொம்ப வருத்தப்படுதுங்க,” என்றார் பாஃபோ, சுருக்கமாக.

வோஃபா பாட்டிலை வாங்கிக்கொண்டார். எழுந்தார். “டாக்ஸியை நிறுத்துங்க.”

பத்தேகாலுக்கு வீட்டுக்குள் நுழைந்தார்கள். அமோவா மச்சானை நேரே கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகப் பார்த்தார். வோஃபா கூடத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“என்ன மச்சான்?”

“என்ன மாப்பிள்ளை? வந்தவனுக்குத் தண்ணி குடுக்கற வழக்கம் இந்த வீட்ல போயிடுச்சா?”

தண்ணீர் வந்தது. ஒவ்வொரு வாயாகக் குடித்தார்.

“ம்? வந்த காரியம் என்னனு யாரும் கேக்கலையே!”

“கூப்பிட்டுட்டு வந்ததே நாங்கதானே!” என்று அலறினார் அமோவா. டூஃபி அவர் காலை மிதித்தாள். அமோவா பல்லைக் கடித்துக்கொண்டு, “இங்க எல்லாம் சமாதானம். வந்த காரியம் என்ன பெரியவரே?” என்று கேட்டார்.

“மருமகளுக்குக் கம்ப்யூட்டர் திறக்கணும்னு கேள்விப்பட்டேன். அதான் வந்தேன்.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தோள் துணியைக் கையோடு சேர்த்து இழுத்து விசைப்பலகையை மூடினார், யாரும் பார்த்துவிடாதபடி. துணிக்குள்ளே விரல்கள் நகர்ந்தன. பெருமையாக ஒரு தட்டுத் தட்டினார்.

தவறான கடவுச்சொல்.

“கை தவறிடுச்சு,” என்றார். மறுபடியும் அடித்தார். தவறு. மூன்றாவது முறை மெதுவாக, எழுத்தெழுத்தாக அடித்தார். தவறு.

போக்குவா சட்டையைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றிருந்தாள். அமோவா மச்சானுக்குப் பின்னால் நின்றிருந்தார். அவர் நின்ற இடத்திலிருந்து வோஃபாவின் கழுத்து தெரிந்தது. அதில் வேர்வை. அமோவாவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. மனிதர் மறந்துவிட்டார். மூன்று வாரம் கோபித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்ததில், அந்த வார்த்தை தலையை விட்டே போய்விட்டது. அதைச் சொல்ல வாய் வரவில்லை.

ஆஹா! பந்தலில் சொன்ன கதையெல்லாம் இதற்கு முன்னால் தூசு. சுவாமேயில் தான் நடத்தும் உதிரிபாகக் கடைக்கு வருகிறவர்களிடம் இதை ஒரு வருஷத்துக்குச் சொல்லலாம். பாஃபோ வேறு வாசலில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருந்தார். அமோவாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

வோஃபா திரும்பி அவரைப் பார்த்தார். திட்டு வாங்கப் போகிற பள்ளிக்கூடப் பையனின் கண்.

“அந்தக் கீபோர்டே சரியில்ல மச்சான்,” என்றார் அமோவா சத்தமாக, எல்லாருக்கும் கேட்கும்படி. “ஒரு வாரமா இப்படித்தான். அடிக்கற எழுத்து விழறதில்ல. எனக்கும் இதே தொல்லைதான். தூசி.”

“தூசியா?” என்றார் வோஃபா.

“அத்தனையும் தூசி.”

“அதானே பாத்தேன்!” வோஃபாவின் தோள் இறங்கியது. ஆனால் பெண்ணின் முகம் விழுந்துவிட்டது. தூசி என்று சொன்னால் மாமன் மானம் பிழைக்கும், பேட்டி பிழைக்குமா? தன் மானத்தையும் கொடுத்து, மச்சான் மானத்தையும் காப்பாற்றி, கடைசியில் பிள்ளையைக் கோட்டைவிட்டோமே என்று நின்றார் அமோவா.

“அண்ணா, கொஞ்சம் நகருங்க.”

டூஃபி இடுப்புத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். குனிந்தாள். அந்தக் கட்டத்தின் அடியில் ‘மற்ற வழிகள்’ என்று பொடி எழுத்தில் ஒன்று இருந்தது. இத்தனை நாளில் ஒருவரும் அதைச் சீந்தியதில்லை. அதை அமுக்கினாள். மாமன் பெயருக்குக் கீழே இன்னொரு பெயர் வந்தது.

டூஃபி.

மீன் வாசம் வீசும் விரலால் என்னவோ அடித்தாள். திரை வெளிச்சமானது. செயலி ஏற ஆரம்பித்தது.

“உக்காரு போக்குவா. தலையைச் சீவிக்கோ. எல்லாரும் வெளிய வாங்க, பேட்டில சத்தம் கேக்கும்.”

கதவு சாத்தப்பட்டது. மூன்று ஆண்களும் வராந்தாவில் வரிசையாக நின்றார்கள். டூஃபி கெங்கே என்ற சோளமாவு உருண்டையும் பொரித்த மீனும் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். ஒருவரும் கை வைக்கவில்லை.

“டூஃபி,” என்றார் வோஃபா, “உன்னை யார் அட்மின் ஆக்கினது?”

“கடைப் பொண்ணுதான். நீங்க ரெண்டு பேரும் வெளிய ஃபுஃபு சாப்பிட்டுட்டு இருந்தீங்க. ‘ஒருத்தர் மட்டும் அட்மினா இருந்தா ஆபத்தும்மா, அவர் மறந்துட்டா மெஷின் பூட்டினது பூட்டினதுதான். வேற யார்கிட்டயாவது இன்னொரு சாவி இருக்கட்டும்’னா. நான் சொன்னேன், நம்ம அசாந்தே ராஜ்யத்துல ராஜமாதா இல்லாத ராஜா எங்கயாவது உண்டா, என்னைப் போடுன்னேன்.” அண்ணனைப் பார்த்தாள். “ராஜாவை உக்கார வெக்கறதும் அவதான், எறக்கி வெக்கறதும் அவதான். முறைல தப்பு இருந்தா சொல்லுங்கண்ணா.”

வோஃபா யோசித்துப் பார்த்தார். முறையில் ஒரு தப்பும் இல்லை. அவரே ஊருக்கெல்லாம் சொல்கிற முறைதான் அது.

அமோவா ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார். முந்தின நாள் இரவு கேட்ட சர்ச் பாட்டு. அதைப் பாடும் செயலி போன மாதம் கம்ப்யூட்டரில் இல்லை. அதை யார் ஏற்றினார்கள் என்று அவர் கேட்கவே இல்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்ததாகச் சொல்வார்களே, அவருக்கு வெண்ணெய் எதிரில் நின்று மீன் பொரித்திருக்கிறது.

“அப்ப காலைல இருந்து உன்னால முடியும்!”

“முடியும்.”

“என்னைப் பான்டாமா வரைக்கும் ஓட விட்ட! இந்தாளு கொள்ளுத் தாத்தா வரைக்கும் போயிட்டார்! நான் கை கட்டி நின்னேன்!”

“நின்னீங்கல்ல?” டூஃபி முக்காலியில் உட்கார்ந்தாள். “கம்ப்யூட்டரைத் திறக்க எனக்கு ஒரு நிமிஷம் போதும். உங்க ரெண்டு பேரையும் பேச வெக்க மூணு வாரமா முட்டி மோதறேன். அவர் இங்க வர மாட்டார். நீங்க அங்க போக மாட்டீங்க. நடுவுல நான் ரெண்டு வீட்டுக்கும் சொம்பு தூக்கிட்டு அலையறேன். பத்தரை வரைக்கும் பாக்கலாம், வரலைன்னா நானே திறந்துடலாம்னு இருந்தேன்.” குரல் கொஞ்சம் இறங்கியது. “பயமாத்தான் இருந்தது. மீனு ரெண்டு கருகிடுச்சு.”

அமோவாவுக்குக் கோபம் வரவேண்டும். வந்தது, ஆனால் நிற்கவில்லை. அதற்குள் வோஃபா ஒரு மீன் துண்டைக் கிள்ளி அவர் கையில் வைத்திருந்தார்.

“மாப்பிள்ளை,” என்றார் வோஃபா மெதுவாக, “தூசி ஒண்ணும் இல்லைல்ல?”

“இல்ல மச்சான்.”

“ம்.” மென்றார். “நல்லா இரு.”

கருகின மீனும் அன்று ருசியாகத்தான் இருந்தது. வயிறு நிறைந்ததும் அமோவாவுக்குப் புத்தி தன் வழிக்குத் திரும்பியது. மச்சானின் காதருகே சாய்ந்தார். “ஒரு விஷயம். அவ நினைச்சா என்னையும் அட்மினாக்க முடியுமாமே?”

“முடியும்னுதான் தோணுது.”

“கேட்டுப் பாக்கலாமா?”

“வெறுங்கையோட கேப்பியா?” வோஃபா தன் மடியில் இருந்த பச்சைப் பாட்டிலை எடுத்து அமோவா கையில் வைத்தார். இன்னும் உடைக்காத பாட்டில். பாஃபோ தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். “நீ உக்காரு,” என்றார் வோஃபா. “இந்தத் தடவை நான் பேசறேன்.”

அப்படியாக, அவர்கள் குடியிருக்கும் அசோக்வா வட்டாரம் இதுவரை பார்த்திராத காட்சி அந்த வராந்தாவில் நடந்தது. வோஃபா சார்ப்போங் துணியை மரியாதையாகத் தோளிலிருந்து இறக்கிக்கொண்டு தன் தங்கை முன்னால் நின்றார்.

“தாயே! இந்த வீட்டுக்காரர் நல்ல மனுஷன். கம்ப்யூட்டரை வாங்கினவரே அவர்தான். ஆனா சொந்த வீட்ல சாதாரணக் கணக்குல கிடக்கார். பிரிண்டருக்கு இங்க் மாத்தக் கூட கையேந்தறார். அவரை நிர்வாகி ஆக்கி வெக்கணும்னு கேட்டுக்கறோம்.”

டூஃபி பாட்டிலை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். “கேட்டேன். பெரிய கிழவியைக் கலந்துட்டு வரேன்.”

பஞ்சாயத்தில் தீர்ப்புக்கு முன் பெரியவர்கள் இப்படிச் சொல்லிவிட்டுத்தான் எழுந்து போவார்கள். எந்த ஊர்ப் பஞ்சாயத்திலும் அந்தக் கிழவியை யாரும் கண்டதில்லை. டூஃபி எழுந்து, யாருமே இல்லாத சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதே சமயம் இந்தப் பக்கத்துக் கதவு படாரென்று திறந்தது. போக்குவா. முகமெல்லாம் பல்.

“அப்பா! நல்லாப் போச்சு! டைப்பிங் ஒரு தப்பு கூட இல்ல! ரொம்பப் பிடிச்சுப் போச்சு அவங்களுக்கு. திங்கக்கிழமை சொல்றாங்களாம்!”

அமோவா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “என்னம்மா கேட்டாங்க?”

“கஷ்டமான ஆளுங்களோட எப்படி வேலை செய்வேன்னு வீட்டு உதாரணம் ஒண்ணு சொல்லச் சொன்னாங்கப்பா. வேற ஒண்ணும் தோணலை. அந்த மவுஸ் கதையைச் சொல்லிட்டேன். ரிமோட், பேட்டரி எல்லாம்! எப்படிச் சிரிச்சாங்க தெரியுமா?”

பிறகுதான் அவள் தூணுக்குப் பின்னால் இருந்த மாமனைப் பார்த்தாள்.

பாஃபோ மீனைக் கீழே வைத்தார்.

“அக்ராவுலயா சிரிச்சாங்க?” என்றார் வோஃபா.

“ஆமா வோஃபா.”

“பெரிய அதிகாரிங்களா?”

“மேனேஜரே சிரிச்சார் வோஃபா.”

வோஃபா துணியைத் தோளில் ஏற்றினார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

“திங்கக்கிழமை வேலை கிடைச்சுதுன்னா, அது என்னாலதான் கிடைச்சுதுனு ஊருக்கெல்லாம் சொல்லணும். கிடைக்கலைன்னா,” அமோவா பக்கம் திரும்பினார், “மாப்பிள்ளை, மறுபடியும் தண்ணி, மறுபடியும் பாஃபோ, மறுபடியும் பாட்டில்.”

அமோவா சமையலறைக் கதவைப் பார்த்தார். “டூஃபி! கிழவி என்ன சொல்றா?”

உள்ளேயிருந்து பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. அப்புறம் டூஃபியின் குரல்.

“அவளும் திங்கக்கிழமை வரைக்கும் பாக்கலாங்கறா!”